ஐந்தடிப் பாட்டிலிருந்து ஐந்து பக்கக் கட்டுரை: இலக்கிய மாணவர்களுக்கு

தமிழ் இலக்கியம் படிக்கச் சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: பாட்டைப் படிப்பதற்கு முன்பே நோட்ஸைப் படிப்பது. நோட்ஸில் திணை (பாட்டின் நிலமும் ஒழுக்கமும்) இருக்கும், துறை (பாட்டு எழும் சூழல்) இருக்கும், 'நயம்' என்ற தலைப்பில் நான்கு வரி இருக்கும். அதை மனப்பாடம் செய்தால் மதிப்பெண்ணும் வந்துவிடும். நோட்ஸில் இல்லாத ஒரு பாட்டைக் கொடுத்து 'நீங்களே படித்து எழுதுங்கள்' என்று சொல்லும்போதுதான் கை நின்றுபோகிறது. அப்படிப்பட்ட ஒரு பாட்டை எப்படிப் படிப்பது, படித்ததை எப்படிக் கட்டுரையாக்குவது என்பதைக் கீழே பார்க்கலாம்.

விதி ஒன்றுதான். கட்டுரையில் வரும் எந்தக் கருத்தைக் காட்டியும் 'இது எங்கே இருக்கிறது?' என்று ஒருவர் கேட்டால், மூலத்தில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

பாட்டு மட்டும்

எடுத்துக்காட்டாகச் சங்க நூலான குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. பாடியவர் கபிலர்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

வரிக்கு வரி இரண்டு விரல் இடம் விட்டு இதைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம். எழுதும்போதுதான் 'தான்' மூன்று முறை வருவது கண்ணில் படும். திணையையும் கூற்றையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். 'இன்னார் இன்னாரிடம் சொல்லியது' என்ற கூற்றுக் குறிப்புகள் புலவர்கள் எழுதியவை அல்ல, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவை ஒரு பழைய வாசகரின் வாசிப்பு. நம் வாசிப்புக்குப் பிறகு அதைப் பார்த்தால் ஒப்பிட இரண்டு இருக்கும். முதலிலேயே பார்த்துவிட்டால் ஒன்றுதான் இருக்கும்.

வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். முதல் முறை அச்சில் உள்ளபடி, சீர் பிரித்து. இரண்டாம் முறை சந்தி பிரித்து: 'தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ', 'குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே'. மூன்றாம் முறை ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிற குரலில். சந்தி பிரித்த பதிப்பு மட்டும் கையில் இருந்தால் பிரிக்காத பதிப்பு ஒன்றையும் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்ததே ஒரு பொருள்கோள்தான். வேறு விதமாகவும் பிரிக்கலாமா என்ற கேள்வி மூலத்தைப் பார்த்தால்தான் எழும்.

அடுத்தது சொற்கள். தெரியாத சொல்லை எல்லோரும் அகராதியில் பார்த்துவிடுவார்கள்: ஆரல் என்பது ஒரு மீன், குருகு ஒரு நீர்ப்பறவை, ஞான்று என்றால் நாள் அல்லது பொழுது. மாணவர்களை வழுக்கிவிடுபவை தெரிந்ததுபோல் இருக்கும் சொற்கள்தான். 'எவன்' இங்கே ஆளைக் குறிக்கவில்லை, 'என்ன' என்று பொருள். 'கால' என்பதற்கும் காலத்துக்கும் தொடர்பில்லை. கால்களை உடைய என்று பொருள். 'பசு' மாடு அல்ல, பசுமை. 'மணந்த' என்பதை இன்றைய திருமணமாக எடுத்துக்கொண்டால் பாட்டே குலைந்துவிடும். கூடிய என்பதே பொருள், திருமணம் இன்னும் நடக்கவில்லை என்பதுதான் பாட்டில் பேசும் பெண்ணின் கவலை. ஆகவே ஒரு பாட்டில் குறைந்தது மூன்று 'தெரிந்த' சொற்களையாவது அகராதியில் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். பழம்பாடல்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் அனுபந்தத்தோடு நிறைவடைந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த நூலில் அப்படி வந்திருக்கிறது என்று சுட்டுவது அதன் பலம். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய உரைநடைக்கு மிக நல்லது. சங்கப் பாட்டுக்கு அதைத் திறப்பது தவறான கதவைத் தட்டுவது.

இப்போது உரைநடையில் எழுதுங்கள், உங்கள் சொற்களில், மூன்று நான்கு வாக்கியங்களுக்குள்: 'அங்கே யாரும் இல்லை. அவன்தான் இருந்தான், அவனே கள்வன். அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அவன் என்னைக் கூடிய அன்று, தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களை உடைய, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகும் இருந்தது.' இதை எழுதும்போது எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தடுக்குகிற இடம்தான் பெரும்பாலும் கட்டுரை தொடங்கும் இடம்.

இங்கே தடுக்குவது வெளிப்படை. முதல் சொல் 'யாரும் இல்லை'. கடைசி அடியில் 'குருகும் உண்டு'. இல்லை என்றவள் ஏன் உண்டு என்கிறாள்?

துருவிப் பார்ப்பது

இந்தக் கட்டத்துக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். அவசரப்பட்டால் 'இயற்கை வருணனை சிறப்பு' என்ற வாக்கியம்தான் கிடைக்கும்.

'யார்' உயர்திணைக்குரிய சொல். குருகு அஃறிணை. எனவே இலக்கணப்படி முரண் இல்லை: மனிதர் யாரும் இல்லை, பறவை இருந்தது. ஆனால் 'குருகு உண்டு' என்று சொல்லாமல் 'குருகும் உண்டு' என்கிறாள். அந்த உம்மையில், சாட்சிக் கணக்கில் சேராத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளத் துடிக்கும் மனம் தெரிகிறது. அந்தக் குருகாவது பார்த்ததா? அதன் கண் ஆரல்மேல். 'பார்க்கும்' என்ற வினை பாட்டில் இருக்கிறது, பார்க்கப்பட்டது இவளில்லை.

அடிகளை எண்ணுங்கள். ஐந்தடியில் ஏறக்குறைய இரண்டரை அடி, ஒரு பயனும் தராத அந்தச் சாட்சிக்குப் போய்விடுகிறது. கால் எவ்வளவு சிறியது, என்ன நிறம், எதைப்போல இருந்தது என்பதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்த கண்ணுக்குத்தான் இவ்வளவு நுணுக்கம் பதியும் என்று ஒருவர் வாதிடலாம். அந்தப் பொழுதை அவள் மறக்கவே முடியாததால்தான் பறவையின் காலும் நினைவில் நிற்கிறது என்று இன்னொருவர் வாதிடலாம். இரண்டுக்கும் மூலத்தில் இடம் இருக்கிறது. இப்படி இரண்டு வாசிப்புக்கு இடம் தரும் புள்ளி கிடைத்துவிட்டால் கட்டுரைக்குப் பொருள் கிடைத்துவிட்டது.

'கள்வன்' முதல் அடியிலேயே வந்துவிடுகிறது. என்ன களவு, எப்போது என்பது 'தான் மணந்த ஞான்றே' என்ற கடைசிச் சொற்களில்தான் வெளியாகிறது. குற்றச்சாட்டு முன்னே, நிகழ்ச்சி பின்னே. உரைநடையில் வரிசை மாற்றி எழுதினால் இந்த இறுக்கம் போய்விடுவதைப் பாருங்கள். மாற்றி எழுதிப் பார்ப்பதே ஒரு ஆய்வு முறை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான்காம் அடியில் மூன்று சீர்தான் இருக்கிறது. 'குருகு மீனுக்காகக் காத்திருப்பதைக் காட்டக் கபிலர் அடியைக் குறைத்தார்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுத வேண்டாம். ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையின் இலக்கணம். அந்த வாதத்தை ஏற்றால் நேரிசையில் அமைந்த எல்லாப் பாட்டுக்கும் அதையே சொல்ல வேண்டிவரும். வடிவத்தின் பொது விதியையும் கவிஞரின் தனித் தேர்வையும் பிரித்தறிய யாப்புப் பாடம் உதவுகிறது. மதிப்பெண்ணுக்காக மட்டும் அதைப் படித்து மறந்துவிடாதீர்கள்.

இப்போது மூடியதைத் திறக்கலாம். திணை குறிஞ்சி, அதாவது மலைநிலம். தலைவன் வரைவை (திருமணத்தை) நீட்டித்தபோது தலைவி தோழிக்குச் சொன்னது. நீர்நிலைப் பறவை வருகிறது, திணை எப்படிக் குறிஞ்சியானது? முதற்பொருளும் (நிலமும் பொழுதும்) கருப்பொருளும் (அந்நிலத்து உயிர்களும் பயிர்களும்) கலந்து வரலாம், உரிப்பொருள் (பாட்டின் காதல் நிலை) மயங்காது என்பது அகத்திணை மரபு. 'உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே' என்கிறது தொல்காப்பியம். இங்கே உரிப்பொருள் குறிஞ்சிக்கு உரிய புணர்தல். போதாக்குறைக்கு, குருகின் காலுக்கு உவமையாக வருவது தினைத்தாள். மலை நிலத்துப் பயிர். நீரில் நிற்கும் பறவையையும் அவள் தன் நிலத்தின் பொருளைக் கொண்டே பார்க்கிறாள். 'திணை: குறிஞ்சி' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவதற்கும், அது ஏன் குறிஞ்சி என்று காட்டுவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

உரைகள் எப்போது?

இதற்குப் பிறகு. உ.வே.சாமிநாதையர் குறுந்தொகையை 1937இல் விரிவான உரையோடும் ஒப்புமைப் பகுதிகளோடும் பதிப்பித்தார். அந்த ஒப்புமைப் பகுதி மாணவர்களுக்குப் பெரும் செல்வம்: இதே தொடரும் உவமையும் வேறு எந்தப் பாட்டில் வருகிறது என்று ஒரே இடத்தில் கிடைக்கும். உங்கள் வாசிப்போடு இரண்டு உரைகளையாவது ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே பொருள் இருந்தால் நிம்மதி. வேறுபட்டால், ஏன் வேறுபடுகிறது என்பதே ஒரு பத்தி.

குறிப்பெடுக்கும்போது ஓரத்தில் ஓர் எழுத்து போடுங்கள். நூலில் உள்ளதை அப்படியே எடுத்தால் 'மே' (மேற்கோள்), உங்கள் நடையில் சுருக்கினால் 'சு', உங்களுக்கே தோன்றியது என்றால் 'எ'. மூன்றுக்கும் பக்க எண் உடனே எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது எது யாருடைய வாக்கியம் என்று நினைவிருக்காது. ஆய்வேடுகளில் திருட்டு என்று பிடிபடுவதில் பல, ஏமாற்றும் நோக்கத்தால் வருவதில்லை. இந்த ஓர் எழுத்தைப் போடாத சோம்பலால் வருபவை.

ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?

கட்டுரைக்கு முன் உங்கள் வாதத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். 'இப்பாடல் தலைவியின் மனநிலையைச் சிறப்பாகக் காட்டுகிறது' என்பது வாதம் அல்ல. யாரும் மறுக்க மாட்டார்கள் என்பதே அதன் குறை. 'குருகை நினைவுகூர்வதன் மூலம் தலைவி சாட்சி தேடவில்லை, சாட்சியே இல்லை என்பதைத் தனக்குத்தானே உறுதிப்படுத்திக்கொள்கிறாள்' என்பது வாதம். ஒருவர் எதிர்க்கலாம். எதிர்ப்பவருக்குப் பதில் சொல்வதில்தான் மூன்றாவது, நான்காவது பக்கங்கள் பிறக்கும்.

ஐந்து பக்கம் என்றால் கையெழுத்தில் சுமார் 800 சொல். அதற்கு ஆறு ஏழு பத்தி போதும். முதல் பத்தியில் 'சங்க காலம் தமிழரின் பொற்காலம்' என்று தொடங்கவே வேண்டாம். கபிலரின் வாழ்க்கை வரலாறும் வேண்டாம். பாட்டில் தடுக்கிய இடத்தையும் உங்கள் வாதத்தையும் முதல் எட்டு வரிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

பத்தி எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வழக்கமாக வருவது இது:

'கபிலர் இப்பாடலில் குருகின் கால்களைத் தினைத்தாளுக்கு உவமித்து மிக அழகாகப் பாடியுள்ளார். இதன்மூலம் கபிலரின் இயற்கை ஈடுபாடு புலனாகிறது என்றால் அது மிகையாகாது.'

மேற்கோள் இல்லை, எந்தப் பாட்டுக்கும் பொருந்தும், உவமையும் தலைகீழாகிவிட்டது: தினைத்தாள்தான் உவமை, குருகின் கால் பொருள். திருத்தியது:

'குருகின் காலைத் தலைவி 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' (குறுந். 25:3) என்கிறாள். நீரில் நிற்கும் பறவைக்கு அவளிடம் இருக்கும் உவமை அவள் நிலத்தின் பயிர். இவ்வளவு நெருங்கிப் பார்த்தவள் அவள். குருகோ 'ஆரல் பார்க்கும்' (25:4). பார்த்தவளுக்குச் சாட்சி சொல்ல முடியாது, அருகில் இருந்தது பார்க்கவில்லை.'

ஐந்து வாக்கியம், இரண்டு மேற்கோள், ஒவ்வொரு மேற்கோளுக்கும் பிறகு அதைப் பற்றிய பேச்சு. மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த கருத்துக்குத் தாவக் கூடாது. பழம்பாடலுக்குப் பாட்டெண்ணும் அடியெண்ணும் போதும். தற்கால நூலுக்கு ஆசிரியர், நூல், பதிப்பகம், ஊர், பதிப்பு, ஆண்டு, பக்கம் என எல்லாம் வேண்டும்.

வாக்கியத்தில் செய்யும் பிழைகள்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் எழுவாய் தொலைந்துபோகும். 'கபிலர் தலைவி தோழியிடம் தலைவன் தன்னைக் கூடியபோது குருகு இருந்ததாகக் கூறுவதாகப் பாடுகிறார்.' இதில் 'தன்னை' யாரை? இரண்டாக உடையுங்கள்: 'தலைவி தோழியிடம் பேசுகிறாள். தலைவன் கூடிய அன்று குருகும் இருந்தது என்கிறாள்.' ஒரு வாக்கியம் 20 சொல்லைத் தாண்டினால் நிறுத்திப் பாருங்கள்.

'என்பது குறிப்பிடத்தக்கது', 'எடுத்தியம்புகிறார்', 'கூறப்படுகிறது', 'மிகையாகாது' ஆகியவற்றை எழுதி முடித்தபின் தேடி அடித்துவிடுங்கள். அடித்தபின் பொருள் குறையாது. 'கூறப்படுகிறது' என்றால் கூறியவர் யார் என்று எழுதுங்கள். தெரியவில்லையென்றால் அந்தச் செய்தியே வேண்டாம்.

ஒற்றுப் பிழையில் விடுபடுவதைவிட வேண்டாத இடத்தில் போடுவது அதிகம். 'எழுதியக் கவிதை' தவறு, பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. 'என்றுக் கூறினார்' தவறு, 'என்று கூறினார்', அல்லது 'எனக் கூறினார்'. மிக வேண்டிய இடம்: 'பாட்டைப் படித்தாள்', 'கதைக்குத் தலைப்பு', 'தமிழ்க் கவிதை'. இலக்கிய மாணவர் கட்டுரையில் முதல் பக்கத்திலேயே இரண்டு ஒற்றுப் பிழை இருந்தால் திருத்துபவரின் நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

நாவல், சிறுகதை

300 பக்க நாவலை மணிக்கு 25 பக்கம் வீதம் படித்தால் 12 மணி நேரம். செமஸ்டரில் இரண்டு முறை முழுதாகப் படிப்பது எல்லோராலும் முடியாது. ஆகவே முதல் வாசிப்பிலேயே பின்அட்டையின் உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யார், எங்கே, என்ன மாறியது. பிறகு முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் நடுவில் நீங்கள் தேர்ந்த இரண்டையும் மட்டும் மெதுவாக மறுபடி படியுங்கள்.

கதையை யார் சொல்கிறார், அவருக்கு என்ன தெரியாது என்ற கேள்வியை விடாதீர்கள். 'ஆசிரியர் கூறுகிறார்' என்று எழுதும் இடங்களில் பாதியில் கூறுபவர் கதைசொல்லியோ ஒரு பாத்திரமோதான்.

முதலில் எங்கே, எப்படி வெளிவந்தது என்றும் பாருங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. அத்தியாய முடிவுகளில் வரும் திடீர் நிறுத்தங்களை அடுத்த வார இதழுக்குக் காத்திருந்த வாசகரை வைத்துத்தான் விளக்க முடியும். ஆண்டுக் குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல். கையில் உள்ள தொகுப்பு 2000த்துக்குப் பிறகு அச்சானது என்பதற்காக அந்த ஆண்டைக் கதையின் ஆண்டாகப் போட்டுவிடக் கூடாது. முதலில் இதழில் வந்த ஆண்டு, நீங்கள் படித்த பதிப்பின் ஆண்டு, இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

தேர்வறையில்

மூன்று மணி நேரம், 75 மதிப்பெண் என்றால் படித்துப் பார்க்க 15 நிமிடம் ஒதுக்கிவிட்டு மீதி 165 நிமிடத்தைப் பகிருங்கள். மதிப்பெண் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். பத்து மதிப்பெண் வினாவுக்கு 22 நிமிடம். அதில் முதல் மூன்று நிமிடம் ஓரத்தில் சட்டகம் போட. வினாவில் 'விளக்குக', 'ஒப்பிடுக', 'மதிப்பிடுக' என்று எது வந்திருக்கிறது என்று அடிக்கோடிடுங்கள். ஒப்பிடச் சொன்னதற்கு இரண்டு சுருக்கங்களை அடுத்தடுத்து எழுதுவதுதான் அதிக மதிப்பெண் இழப்பு.

சொந்தமாக எழுதுபவர்களுக்கு

கவிதையோ கதையோ எழுதப் பயில்பவருக்கும் மேலே சொன்ன வாசிப்புத்தான் அடிப்படை. கபிலர் குருகின் காலுக்குக் கொடுத்த அந்த அடியைப் பாருங்கள்: 'கவலை', 'அச்சம்' என்ற சொல் ஒன்றுகூட இல்லை. இதைப் பயிற்சியாக்கலாம். ஒருவர் ஒரு செய்திக்காகக் காத்திருக்கும் காட்சியை 150 சொல்லில் எழுதுங்கள். உணர்ச்சியின் பெயர் எதுவும் வரக் கூடாது. 'மிக', 'அழகான' வரக் கூடாது. கண்ணால் பார்த்த ஒரு பொருள் மூன்று முறை வர வேண்டும். பிறகு அதே காட்சியை அங்கே இருக்கும் இன்னொருவர் சொல்வதாக மாற்றுங்கள். இரண்டாவதில் என்ன காணாமல் போனது என்று பார்த்தால் நோக்குநிலை என்றால் என்னவென்று பாடமில்லாமலே புரியும்.

உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதினால் ஒருவருக்கு ஒரு வழக்கு என்று முடிவு செய்து, ஒரு தாளில் அவருடைய சொல் வடிவங்களை எழுதி வையுங்கள். முதல் பக்கத்தில் 'வந்துட்டான்' என்றவர் ஐந்தாம் பக்கத்தில் 'வந்துவிட்டான்' என்று சொன்னால், கதையில் காரணம் இருக்க வேண்டும்.

எழுதியதை மூன்று நாள் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. நண்பரிடம் கொடுக்கும்போது 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'எந்த வரியில் கவனம் போனது? எந்த வரியை மறுபடி படித்தாய்?' என்று கேளுங்கள், அந்த வரி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.